'இல்லை'யும் 'என்னட்ட இல்லை'யும்

"எங்கை தேடினீங்கள்?"

போன செமஸ்டர் எங்கட குழு ஒப்படையின் பிரசென்டேஷன் முடிந்ததும் சேர் கேட்ட கேள்வி இது. நாங்கள் நாலு பேர். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் வந்த ஒரு சிற்றிதழ்தான் தலைப்பு. கொஞ்சக் காலம் வந்து நிண்டுபோன இதழ். ஒவ்வொரு இலக்கத்தையும் எடுத்து, யார் எழுதினவை, ஆரோடை சண்டை பிடிச்சவை, ஏன் நிண்டது என்று எழுதியிருந்தோம். ஏழாம் இலக்கத்துக்கு மட்டும் ஒரே ஒரு வரி: ஏழாவது இதழ் வெளிவந்ததாகத் தெரியவில்லை.

சேர் ஒண்டும் சொல்லவில்லை. தன்ர போனை எடுத்தார். இணைய ஆவணகம் ஒன்றைத் திறந்தார். ரெண்டு மூண்டு தட்டுத் தட்டிவிட்டு எங்களிடம் நீட்டினார். ஏழாவது இதழ். அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை முழுசாக ஸ்கேன் செய்யப்பட்டிருந்தது.

உண்மையான பதிலைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நாங்கள் தேடவே இல்லை. எங்கட லாப்டொப்பில் இருக்கிற ஏஐ ஏஜென்ட்தான் தேடினது. அதுவும் இணையத்தில் தேடவில்லை. நாங்கள் ரெண்டு மாதத்துக்கு முதல் இறக்கி வைத்த கோப்புறைக்குள் தேடினது. அதற்குள் ஏழாவது இதழ் இருக்கவில்லை. 'என்னட்ட இல்லை' என்று அது சொல்லியிருக்க வேணும். 'இல்லை' என்று சொன்னது. நாங்கள் அதை 'வெளிவரவில்லை' என்று எழுதிவிட்டோம்.

இந்த மூண்டு வசனத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அண்டைக்குத்தான் எங்களுக்கு விளங்கினது. அதற்குப் பிறகு நாங்கள் படித்தது, இழந்தது எல்லாத்தையும் சேர்த்து ஒரு கருத்தாகச் சொல்கிறோம். எந்த ஏஐ ஏஜென்ட்டும் பதில் சொல்ல முதல், தன்ர கையில் இருக்கிற கொப்பி எவ்வளவு பழசு, அதில் என்ன குறை என்று பார்க்கக்கூடியதாக இருக்க வேணும். அப்படிப் பார்க்கிற கருவி பார்க்க மட்டும்தான் வேணும். ஒன்றையும் தொடக் கூடாது.

கேஷ் எண்டால் என்ன?

காசு இல்லை. கேஷ். பிரெஞ்சு மொழியில் 'ஒளித்து வைத்தல்' என்ற சொல்லின் வழியாக வந்தது. அடிக்கடி தேவைப்படுவதை ஒவ்வொரு முறையும் தூரத்தில் இருந்து எடுக்காமல், கிட்ட ஒரு கொப்பி வைத்திருக்கிற ஏற்பாடு. கணினிக்குள் இந்த யோசனை பழசு. 1965இல் மொரிஸ் வில்க்ஸ் என்ற பிரித்தானியக் கணினி விஞ்ஞானி இதைப் பற்றி எழுதினார். 1968இல் ஐபிஎம் அறிவித்த ஒரு பெரிய கணினியில் இது வந்தது.

குசினியில் இருக்கிற தூள்ப் போத்தலை யோசியுங்கோ. கறி வைக்கிற ஒவ்வொரு முறையும் யாரும் மில்லுக்கு ஓடுவதில்லை. இடிச்ச தூள் வீட்டில் பெரிய வாளி ஒன்றுக்குள் இருக்கும். அடுப்படியில் அதில் கொஞ்சம் ஒரு போத்தலில் இருக்கும். போத்தல்தான் கேஷ். வேலை கெதியா முடியும். ஆனால் போத்தலில் தூள் முடிஞ்சதெண்டால் வீட்டில் தூளே இல்லை எண்டு அர்த்தமில்லை. போத்தலில் இருக்கிறது போன வருசத்துத் தூளாகவும் இருக்கலாம்.

எங்களுக்கு ஏன் கேஷ் தேவைப்பட்டது என்றால், நாங்கள் இருக்கிற போர்டிங்கில் சிக்னல் ஒழுங்கில்லை. டேட்டாவுக்குக் காசு போகும். அதனால் கம்பஸ் வைஃபையில் இருக்கிற நேரத்தில் ஸ்கேன் பக்கங்களை எல்லாம் இறக்கி, லாப்டொப்பில் ஒரு கோப்புறையில் போட்டு, ஏஜென்ட்டை அதற்குள் தேடச் சொன்னோம். எங்களைப் போல இணையம் விட்டு விட்டு வருகிற இடத்தில் இருக்கிற எல்லாருக்கும் இதுதான் வழி. கேஷ் எங்களுக்கு வசதிக்கான பொருள் இல்லை. அது இல்லாவிட்டால் படிப்பே நடக்காது. அதனால்தான் அது சொல்கிற பிழையும் எங்களுக்குத்தான் கூடுதலாக வந்து சேரும்.

கொப்பி பழசாகிவிட்டதா என்று கண்டுபிடிப்பது கணினித்துறையில் ஒரு பெரிய தலையிடி. அதற்கு இணையத்துக்குள்ளேயே ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது. ஒரு பக்கத்தை அனுப்பும்போது சேர்வர் அதோடு ஒரு அடையாளக் குறியையும் அனுப்பலாம். ஈடெக் என்பார்கள். அடுத்த முறை பிரவுசர் முழுப் பக்கத்தையும் கேட்காது. "என்னட்ட இந்தக் குறி உள்ள கொப்பி இருக்கு, இன்னும் அதுதானோ?" எண்டு கேட்கும். மாறவில்லை என்றால் சேர்வர் 304 என்ற ஒரு எண்ணை மட்டும் திருப்பி அனுப்பும். பக்கம் வராது. டேட்டாவும் மிச்சம். நாங்கள் ஒவ்வொரு நாளும் போனில் பக்கம் திறக்கும்போது எங்களுக்குத் தெரியாமலே இது நடக்கிறது.

பிரவுசருக்கு இருக்கிற இந்தப் பழக்கம் எங்கட ஏஜென்ட்டுக்கு இருக்கவில்லை. அதிடம் கோப்புறை இருந்தது. அந்தக் கோப்புறையின்ர வயது அதுக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

பார்க்கச் சொன்னோம், துடைத்தது

சேருக்கு முன்னால் வெட்கப்பட்ட அண்டைக்கு இரவே எங்களில் ஒரு ஆள் ஏஜென்ட்டிடம் எழுதினா: "கேஷில் என்ன பிரச்சினை எண்டு பார்."

அது பார்த்தது. ஏழாவது இதழின் கோப்பு அரைகுறையாக இறங்கி நிண்டிருக்கிறது, பட்டியல் பழசு என்று சரியாகவே கண்டுபிடித்தது. அதோடு நிக்கவில்லை. "கேஷ் பழுதாகியுள்ளது, சுத்தம் செய்து மீண்டும் இறக்குகிறேன்" என்று எழுதிவிட்டு முழுக் கோப்புறையையும் துடைத்தது. பிறகு போன் ஹொட்ஸ்பொட்டில் இருந்த மாசத்து டேட்டா முடியும் வரைக்கும் இறக்கினது. நாங்கள் காலமை எழும்பிப் பார்க்க டேட்டாவும் இல்லை, கோப்புறையும் அரைவாசி.

டேட்டா போனது பெரிய விசயமில்லை. ஸ்கேன் பக்கங்களை மறுபடி இறக்கலாம். ஆனால் அதே கோப்புறைக்குள் நாங்கள் கையால் திருத்தின எழுத்துருக் கோப்புகளும் இருந்தன. பழைய அச்சைக் கணினி வாசிக்கும்போது நிறையப் பிழை விடும். 'ர'வும் துணைக்காலும் மாறும். ஒற்றுகள் காணாமல் போகும். நாங்கள் நாலு பேரும் மூண்டு கிழமை இருந்து ஒவ்வொரு வரியாகத் திருத்தினது அவ்வளவும். ஏஜென்ட்டுக்கு அதுவும் கேஷ்தான். இணையத்தில் இருந்து திரும்ப எடுக்கலாம் என்றுதானே அது துடைத்தது? அந்தத் திருத்தங்கள் உலகத்தில் வேற எங்கையும் இருக்கவில்லை. வட்ஸ்அப்பில் ஒரு ஆள் மற்ற ஆளுக்கு அனுப்பின நாலு இதழ்களின்ர கோப்பு மிஞ்சினது. மிச்சத்தைத் திரும்பச் செய்தோம்.

பிழை எங்களுடையதும்தான். திரும்ப எடுக்கக்கூடியதையும் எடுக்க ஏலாததையும் ஒரே இடத்தில் வைத்தோம். நிறுவும்போது அது கேட்ட அனுமதி எல்லாத்துக்கும் வாசிக்காமல் 'ஓம்' குடுத்தோம். ஆனால் எங்களுக்குப் பிறகு ஒரு சந்தேகம் வந்தது. நாங்கள் சொன்ன சொல் 'பார்'. 'பார்' என்ற சொல்லுக்கு ஏன் துடைக்கிற கையும் சேர்ந்து வந்தது?

கணினி விஞ்ஞானம் படிக்கிற தங்கச்சி ஒருத்தியிடம் லாப்டொப்பைக் கொண்டுபோனோம். அவள் பார்த்துவிட்டுச் சிரிச்சாள். "அக்கா, உங்கட ஆளுக்குக் கண்ணைக் குடுங்கோ. கையை ஏன் குடுத்தனீங்கள்?"

பேரில் 'சரிபார்', வேலையில் 'துடை'

அவள் சொல்லித்தந்தவற்றைப் பிறகு நாங்களும் தேடிப் படித்தோம். இது எங்களுக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை.

மென்பொருள் எழுதுகிறவர்கள் பாவிக்கிற கருவிகளை எடுப்போம். பைதன்காரர்களின் பிப் என்ற கருவியில் 'கேஷ் இன்ஃபோ' என்று ஒரு கட்டளை இருக்கிறது. கேஷ் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிசு என்று மட்டும் சொல்லும். 'கேஷ் பர்ஜ்' என்று இன்னொன்று. எல்லாத்தையும் அழிக்கும். ரெண்டுக்கும் இடையில் ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால் அந்தப் பிரிவாவது தெளிவாக இருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் என்பிஎம் கருவியில் 'கேஷ் வெரிஃபை' என்று ஒரு கட்டளை. வெரிஃபை எண்டால் சரிபார்ப்பது. பேரைப் பார்த்தால் பார்க்க மட்டும் செய்யும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதன் விளக்கக் குறிப்பிலேயே தேவையில்லாத தரவுகளை அகற்றும் என்றும் எழுதியிருக்கிறது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அந்தக் கேஷுக்கு அது நல்லதுதான். ஆனால் பேரை மட்டும் வாசிக்கிற ஒரு ஏஜென்ட்டுக்கு, 'சரிபார்' என்ற பேருக்குள் ஒரு விளக்குமாறும் இருக்கிறது என்று எப்பிடித் தெரியும்?

இன்னும் பழைய கதை ஒன்று. 2005இல் கூகிள் 'வெப் அக்சிலரேட்டர்' என்று ஒரு மென்பொருளை வெளியிட்டது. நீங்கள் ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது, அதில் இருக்கிற இணைப்புகளை முன்கூட்டியே திறந்து கொப்பி எடுத்து வைக்கும். பிறகு நீங்கள் சொடுக்கினால் கெதியாத் திறக்கும். அதாவது ஒரு கேஷ். அந்தக் காலத்துச் சில இணையச் செயலிகளில் 'அழி' என்பதும் சாதாரண இணைப்பாகவே இருந்தது. அந்த மென்பொருள் வாசிக்கிறதாக நினைத்து அந்த இணைப்புகளையும் திறந்தது. ஆட்களின்ர தரவுகள் அழிந்தன. இணையத்தின் விதிமுறை 1999இலேயே எழுதிவைத்திருந்தது: ஒன்றை எடுத்துத் தரும்படி கேட்கிற கோரிக்கை, எடுத்துத் தருவதைத் தவிர வேற காரியம் பார்க்கக் கூடாது. செயலி எழுதினவர்கள் சிலர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 'வாசிக்கிறது எண்டால் வாசிக்கிறது மட்டும்தான்' என்ற ஒப்பந்தம் உடையும்போது என்ன நடக்கும் என்பதற்கு, ஏஐ ஏஜென்ட்டுகள் வர முதலே கிடைத்த பாடம் அது.

ஏஜென்ட்டுகள் வந்த பிறகு 2025 ஜூலையில் ரெப்ளிட் சம்பவம். அந்த நிறுவனத்தின் ஏஐ ஏஜென்ட், ஒன்றையும் மாற்றாதே என்று சொல்லப்பட்டிருந்த நேரத்தில், ஒரு பாவனையாளரின் உண்மையான தரவுத்தளத்தை அழித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் பற்றிய பதிவுகள் அதில் இருந்தன. போனதைத் திரும்ப எடுக்க ஏலாது என்றும் அது சொன்னது. பிறகு பார்த்தால் எடுக்கக்கூடியதாக இருந்தது. நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எங்களுக்கு இதில் முக்கியமாகப் பட்டது ஒன்று. 'தொடாதே' என்று வாயால் சொல்வது பூட்டு ஆகாது.

எங்கட ஊரில் ஏஜென்சிக்காரர் என்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். அவரிட்டப் பாஸ்போர்ட்டைக் காட்டுறது வேற, குடுத்துட்டு வாறது வேற என்று எங்கட அம்மாமாருக்கு நல்லாத் தெரியும். கணினிக்குள் இருக்கிற ஏஜென்ட்டிடம் மட்டும் நாங்கள் முதல் நாளே குடுத்துட்டு வாறம்.

குறிப்பு வேற, பூட்டு வேற

இப்ப ஏஜென்ட்டுகளுக்குக் கருவிகளைக் குடுக்கிறதுக்கு ஒரு பொது முறை இருக்கிறது. மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டோகோல், சுருக்கமாக எம்சிபி. அன்த்ரொபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. யாரும் பாவிக்கலாம். அதில் ஒவ்வொரு கருவியின் பேரோடும் சில குறிப்புகளை ஒட்டலாம். அதில் ஒன்று, இந்தக் கருவி வாசிக்க மட்டும் செய்யும் என்பது. இன்னொன்று, இது எதையும் அழிக்கக்கூடியது என்பது. கருவி எழுதினவர் ஒன்றும் சொல்லாமல் விட்டால் என்ன கருத வேணும் என்பதும் அதில் இருக்கிறது. வாசிக்க மட்டும் செய்யும் கருவி இல்லை, அழிக்கவும் கூடும் என்றே கருத வேணும். தெரியாத ஆள் என்றால் கேற்றைத் திறக்காதே என்ற மாதிரி. எங்களுக்குப் பிடித்த விதி இது.

ஆனால் அதே விதிமுறை இன்னொன்றையும் சொல்கிறது. இவை குறிப்புகள் மட்டும்தான். நம்பிக்கையான இடத்தில் இருந்து வராத கருவியின் குறிப்பை நம்பக் கூடாது. 'வாசிக்க மட்டும்' என்று எழுதி ஒட்டிவிட்டு உள்ளே அழிக்கிற வேலையும் செய்யலாம். ஆகவே உண்மையான பூட்டு கணினியின் பக்கத்தில் இருக்க வேணும். கோப்புறைக்கு எழுதும் அனுமதி இல்லாமல் ஏஜென்ட்டை ஓடவிடலாம். எஸ்கியூலைட் மாதிரித் தரவுத்தளக் கோப்பு என்றால் வாசிக்க மட்டும் என்ற நிலையில் திறக்கலாம். அப்ப அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக யோசித்தாலும் அழிக்க வழி இல்லை.

தங்கச்சி எங்களுக்கு எழுதித் தந்த கருவி மிகச் சின்னது. ஏஜென்ட் அதைக் கூப்பிட்டால் கேஷின் நிலையைச் சொல்லும். எத்தனை கோப்பு, மொத்தம் எவ்வளவு பெரிசு, கடைசியாக எந்தத் திகதி இறக்கினது, எத்தனை அரைகுறையாக நிக்கிறது, பட்டியலில் இருந்தும் கோப்புறையில் இல்லாதவை எத்தனை. அவ்வளவுதான். அழிக்கிறது, புதுப்பிக்கிறது எல்லாம் அதில் இல்லை. அதெல்லாம் வேற கருவி. அதுக்கு எங்கட 'ஓம்' வேணும்.

அவள் இன்னொன்றும் காட்டினாள். நிலையைப் பார்க்க என்று ஒவ்வொரு கோப்பையும் திறந்து வாசித்தால், சில கணினிகளில் 'கடைசியாகத் திறந்த நேரம்' மாறிவிடும். கனநாள் திறக்காத கோப்பை முதலில் அழி என்ற ஒழுங்கில் ஓடுகிற கேஷ் என்றால் அந்தக் கணக்கே குழம்பிப்போகும். பார்க்கிறதும் சில நேரம் தொடுகிறதுதான். அதனால் அந்தக் கருவி கோப்பைத் திறக்காது. பேர், அளவு, திகதி மட்டும் எடுக்கும்.

இன்னொரு நேர்மையும் அதில் இருக்கிறது. எங்கட லாப்டொப்பை மட்டும் பார்த்து, 'இந்தக் கொப்பி ரெண்டு மாசம் பழசு' எண்டு சொல்லலாம். 'ஆவணகத்தில் இது மாறிவிட்டது' எண்டு சொல்ல ஏலாது. அதுக்கு இணையம் வேணும். ஆகவே கருவி தரக்கூடிய பதில்கள் நாலு: இருக்கு, என்னட்ட இல்லை, அரைகுறையா இருக்கு, புதுசோ எண்டு தெரியாது. வெறும் 'இல்லை' அந்தப் பட்டியலில் இல்லை. அதை இப்ப எங்கட ஏஜென்ட் சொல்வதில்லை.

எங்களோடு மல்லுக்கட்டினவர்கள்

இதைப் பெடியளோடு கதைத்தபோது மூண்டு விதமான மறுப்பு வந்தது.

முதலாவது: "எல்லாத்துக்கும் அனுமதி கேட்டுக்கொண்டு நிண்டால் பிறகு ஏஜென்ட் எதுக்கு?" நியாயமான கேள்வி. ஆனால் பார்க்க மட்டும் செய்கிற கருவியைப் பிரித்து வைக்கிறதே அனுமதி கேட்கிறதைக் குறைக்கத்தான். அதனால் ஒரு கேடும் வராது என்று தெரிந்தால் எப்பவும் பாவி என்று விட்டுவிடலாம். பார்க்கிறதையும் துடைக்கிறதையும் ஒரே கருவிக்குள் போட்டால்தான் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டி வரும். இருபது தரம் கேட்டால் இருபத்தோராவது தரம் நாங்கள் வாசிக்காமல் 'ஓம்' அமத்துவோம். நாங்கள் அப்படித்தான் அமத்தினோம்.

ரெண்டாவது: "வாசிக்க மட்டும் எண்டால் ஆபத்தில்லையோ? வாசிக்கிறதும் ஆபத்துத்தானே?" இது எங்களை நிறைய யோசிக்க வைத்தது. எங்களில் ரெண்டு பேர் வேறொரு பாடத்துக்கு வாய்மொழி வரலாறு பதிவு செய்கிறார்கள். அந்த ஒலிக்கோப்புகளின் பேரிலேயே ஊரும் ஆளும் இருக்கிறது. கோப்புப் பேர்களின் பட்டியலை ஏஜென்ட்டுக்குக் குடுத்தால் அது எங்கேயோ இருக்கிற ஒரு சேர்வருக்குப் போகும். எங்கட இடத்தில் யார் யாரோடு கதைத்தார்கள், யார் என்ன வாசித்தார்கள் என்ற பட்டியல் எவ்வளவு பாரமானது என்று நாங்கள் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே நிலை சொல்கிற கருவி எண்ணிக்கையும் திகதியும் மட்டும் தர வேணும். பேர் தேவைப்பட்டால் அது தனி அனுமதி. ஒலிப்பதிவுகள் இருக்கிற கோப்புறை அதன் கண்ணிலேயே படக் கூடாது. 'வாசிக்க மட்டும்' என்பது தொடக்கம்தான். எதை வாசிக்கலாம் என்பது அடுத்த கேள்வி.

மூண்டாவது மறுப்பு: "இதெல்லாம் ஐடி பெடியளின்ர வேலை. ஆர்ட்ஸ் ஆக்களுக்கு இது எதுக்கு?"

இதுக்குத்தான் நாங்கள் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறோம்.

இது எங்கட பாடம்தான்

முதலாம் வருசத்திலேயே எங்களுக்குச் சொல்லித்தந்தது இதுதானே. ஒரு மூலம் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேள். எப்ப எழுதினது, எங்க இருந்தது, ஆர் படியெடுத்தது, என்ன விடுபட்டது. சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அந்தக் காலத்துப் பதிப்பாளர்களின்ர வேலை ஒரு ஏட்டுச்சுவடியைப் பார்த்து அச்சுக் கோக்கிறதோடு முடியவில்லை. கிடைத்த சுவடிகளைத் தேடி எடுத்து ஒப்பிட வேணும். ஏடு முறிந்த இடம் எது, எழுதினவர் விட்ட இடம் எது என்று பிரித்தறிய வேணும். ஒரு சுவடியில் ஒரு பாட்டு இல்லை என்றால் அந்தப் பாட்டே இல்லை என்று முடிவெடுத்துவிட ஏலாது. ஒவ்வொரு சுவடியும் ஒரு கொப்பி. ஒவ்வொரு கொப்பிக்கும் ஒரு வயது, ஒரு குறை இருக்கிறது. கேஷின் நிலையைப் பார் என்று ஐடி பெடியள் சொல்கிறதைத்தான் பாடபேதம் பார் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.

அதைவிட, 'இல்லை' என்ற சொல் எங்களுக்குச் சும்மா ஒரு சொல் இல்லை. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் போயின. நாங்கள் பிறக்க இருபது வருசத்துக்கு முதல் நடந்தது. ஆனால் இண்டைக்கும் ஒரு பழைய புத்தகத்தைத் தேடிப் போகிற ஒவ்வொரு மாணவனுக்கும் 'இல்லை' என்ற பதிலுக்குப் பின்னால் அது நிக்கிறது. எரிந்து இல்லாமல் போனதா, இடம்பெயர்வில் காணாமல் போனதா, ஆரோ ஒரு ஆச்சியின்ர பெட்டிக்குள் இருக்கிறதா, ஸ்கேன் செய்ய வரிசையில் நிக்கிறதா? நாலும் ஒண்டில்லை. 2005இல் தொடங்கின நூலகம் இணையத் திட்டம் மாதிரியான முயற்சிகள், இல்லை என்று நாங்கள் நினைத்தவற்றை ஒன்றொன்றாக 'இருக்கு' பக்கத்துக்குக் கொண்டுவருகின்றன. ஆரோ ஒராள் வெயிலுக்குள் போய் எடுத்து வந்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றின ஒரு இதழை, ரெண்டு மாசம் பழசான ஒரு கோப்புறையைப் பார்த்துவிட்டு 'வெளிவரவில்லை' என்று எழுதினோம். சேர் ஏசாமல் விட்டதுதான் எங்களுக்குக் கூடச் சுட்டது.

இனி வருகிற பிள்ளைகள் எங்களைவிடக் கூடுதலாக ஏஜென்ட்டுகளிடம்தான் கேட்பார்கள். அவை பதிலை இவ்வளவு உறுதியான குரலில் சொல்லும்போது, திகதியையும் குறையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், கேஷில் இல்லாதது வரலாற்றிலும் இல்லாமல் போகும். தமிழ் மாதிரி, இணையத்தில் கொஞ்சமாகவும் சிதறியும் கிடக்கிற மொழிகளுக்கு இந்த ஆபத்துக் கூட. ஆங்கிலத்தில் ஒரு கொப்பி பழசு என்றால் இன்னும் பத்து இடத்தில் புதுசு இருக்கும். எங்களுக்குச் சில வேளை இருக்கிறதே ரெண்டு கொப்பிதான்.

ஆகவே நாங்கள் கேட்கிறது பெரிய விசயம் இல்லை. ஏஜென்ட் பாவிக்கிற எல்லாரும் ஒருக்கா அதைக் கேட்டுப் பாருங்கோ: "நீ இப்ப பார்த்துச் சொல்றது எந்தத் திகதிக் கொப்பி?" பதில் தெரியாவிட்டால், அது சொல்கிற 'இல்லை'யை ஒப்படையில் எழுதாதேங்கோ. திரும்ப எடுக்கக்கூடியதையும் உங்கட கையால் செய்ததையும் வேற வேற இடத்தில் வையுங்கோ. கருவி எழுதத் தெரிந்த தம்பி தங்கச்சிமார், பார்க்கிறதுக்கு ஒரு கருவி, மாற்றுறதுக்கு ஒரு கருவி எண்டு பிரிச்சுத் தாங்கோ. பேரில் 'பார்' எண்டால் உள்ளேயும் 'பார்' மட்டும் இருக்கட்டும்.

ஒப்படையைத் திருத்தித் திரும்பக் குடுத்தோம். ஏழாவது இதழுக்கு இப்ப மூண்டு பக்கம் இருக்கிறது. எங்கட முழு வாதத்தையும் மாத்தின இதழ் அது. இதழ் ஏன் நிண்டது எண்டதுக்கான முதல் அறிகுறி அதுக்குள்தான் இருந்தது. ஒன்பதாவது இதழ் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அதுக்கு நாங்கள் தேடின ரெண்டு இடத்தின்ர பேரையும் கடைசியாகப் பார்த்த திகதியையும் போட்டு, அதுவரை எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறோம்.

சேர் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'சரி' எண்டு எழுதியிருந்தார்.